பழைய ரேஸிங் சைக்கிளுக்குப் புதுப் பெயிண்ட்: குரோமை எதுவரை காட்டலாம்?

1970-களின் ஐரோப்பிய ரேஸிங் பிரேம்களில் குரோம் முலாம் வெறும் அழகுக்காக விடப்பட்டதல்ல. சக்கர அச்சு உட்காரும் டிராப்அவுட் தகட்டில் பெயிண்ட் அடித்தால் சக்கரத்தைப் பிடிக்கும் குயிக் ரிலீஸ் நெம்பை இறுக்கும்போது அது நசுங்கி உதிரும், பிடியும் தளரும். வலப்பக்கச் செயின் ஸ்டேயில் (பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சுக்குப் போகும் குழாய்) செயின் துள்ளித் துள்ளி அடிக்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் முனையோ சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் உரசும். பெஜோ பிஎக்ஸ்-10 போன்ற வண்டிகள் முன்னும் பின்னும் சாக்ஸ் போட்டாற்போல் நின்றதற்கு இதுவும் காரணம். ஆகவே இந்த மூன்று இடங்களிலும் குரோம் நல்ல நிலையில் இருந்தால் அதை மூடாதீர்கள். மற்றதெல்லாம் உங்கள் ரசனை.

குரோமும் பெயிண்டும் சந்திக்கும் எல்லைக்கோட்டைப் போடுமுன் பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பழைய எல்லைக்கோட்டிலிருந்து மேலே 2 செ.மீ. அளவுக்கு மட்டும் பெயிண்ட் ரிமூவர் தடவிச் சுரண்டுங்கள். பெயிண்டுக்குள் ஒளிந்திருக்கும் பகுதியைப் பல பட்டறைகள் பாலிஷ் செய்யாமலே முலாம் போட்டுவிடும். அங்கே அரத்தின் கீறல் அப்படியே தெரியும், நிறமும் பால்போல் மங்கியிருக்கும். தேய்த்துப் பளபளப்பாக்கலாம் என்று நினைக்காதீர்கள். அலங்காரக் குரோம் அரை மைக்ரானைத் தாண்டுவது அரிது. பாலிஷ் சக்கரத்தைக் கொஞ்சம் அழுத்தினாலே மஞ்சள் சாயலோடு அடியிலுள்ள நிக்கல் எட்டிப் பார்க்கும். பளபளப்பு எங்கே முடிகிறதோ அதுதான் உங்கள் உச்ச எல்லை. அதற்குக் கீழே இறங்கலாம், மேலே ஏற முடியாது.

ஊசிமுனைப் புள்ளிகளாகத் துரு இருந்தால் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். பிடிவாதமான துருவுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் ஆக்சாலிக் அமிலம் கலந்து ஊறவையுங்கள் (விஷம், கையுறை கட்டாயம்). பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே உலர்த்துங்கள். குழி விழுந்துவிட்டால் குரோம் திரும்பி வராது. பொரிந்து செதில் செதிலாக எழும்பினால் அதன்மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது. செதில் முழுவதையும் எடுத்துவிட்டுத்தான் பெயிண்டால் மூட வேண்டும்.

புதிதாக முலாம் போடலாமா? பெரும்பாலும் வேண்டாம். பட்டறையில் முலாமுக்கு முன் பாலிஷ் செய்யும்போது இரும்பு தேயும். ரெனால்ட்ஸ் 531 போன்ற ரேஸிங் குழாய்களின் நடுப்பகுதித் தடிமனோ சுமார் 0.6 மி.மீ.தான். முலாம் போடும்போது குழாயின் காற்றுத்துளை வழியாக உள்ளே போன அமிலத்தைச் சரியாகக் கழுவாவிட்டால் குழாய் உள்ளிருந்தே அரிக்கும்.

இனி அளவு. அச்சு மையத்திலிருந்து ஃபோர்க்கில் 12 முதல் 18 செ.மீ. என்பது கண்ணுக்கு இதமாக இருக்கும். சீட் ஸ்டேயிலும் (சீட்டுக்குக் கீழிருந்து பின்சக்கர அச்சுக்கு இறங்கும் குழாய்) அதே அளவு வைத்தால் சைக்கிள் நிற்கும்போது முன்பின் கோடுகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் தெரியும். செயின் ஸ்டேயில் 2 செ.மீ. குறைத்துப் பாருங்கள். கோட்டின் இடத்தில் நிற டேப்பைச் சுற்றி, சக்கரங்களை மாட்டி, மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். கருநீலம், அடர்சிவப்புக்குப் பாதி ஃபோர்க் குரோம்கூட எடுப்பாக இருக்கும். சாம்பல், வெள்ளி நிறத்தில் குரோம் கரைந்துபோகும், அங்கே முன்சொன்ன மூன்று இடங்கள் மட்டும் போதும். குரோம் லக்குகளை (குழாய்களை இணைக்கும் மூட்டுகள்) காட்டுவது நெர்வெக்ஸ் மாதிரி வளைவு நெளிவு உள்ளவற்றுக்குத்தான் தகும். சாதாரண லக்குகளைச் சுற்றி டேப் ஒட்டும் உழைப்புக்குப் பலன் குறைவு.

பெயிண்ட் ஏறவேண்டிய குரோமை 320-ஆம் எண் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேயுங்கள். இதை விட்டுவிட்டால் உலோகத்தைப் பற்றும் அடிப்பூச்சான எட்ச் பிரைமரும் கைவிடும், ஆறு மாதத்தில் பெயிண்ட் தோலாக உரியும். மணல் பிளாஸ்டிங் கொடுப்பதானால் காட்டப்போகும் குரோமைத் தடித்த டேப்பால் இரண்டு சுற்று மூடுங்கள். ஒரு நொடி மணல் பட்டாலும் அது மங்கிவிடும். பவுடர் கோட்டிங்கைவிட ஸ்பிரே பெயிண்ட் நல்லது. பவுடர் தடித்துப் படிவதால் எல்லையில் படிபோல் விளிம்பு நின்று, அங்கிருந்துதான் பெயரத் தொடங்கும்.

எல்லைக்குக் கூரான விளிம்பு தரும் மெல்லிய ஃபைன்லைன் டேப் ஒட்டி விளிம்பை நகத்தால் அழுத்துங்கள். கடைசிக் கோட் பெயிண்ட் தொட்டால் ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே டேப்பை அதன்மேலேயே மடக்கி மெதுவாக இழுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு இழுத்தால் விளிம்பு பல் பல்லாகக் கிழியும். கிழிந்துவிட்டால் கவலை வேண்டாம், 2 மி.மீ. தங்கநிறக் கோடு அதை மறைக்கும். திறந்திருக்கும் குரோமின்மேல் கிளியர் கோட் அடிக்க வேண்டாம், அது உரியத்தான் செய்யும். மெழுகு பூசித் துடைத்தால் போதும், மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை.