மாக்கல்லில் ஒரு கிளிமூக்கு: செதுக்கும் முன் வரைவது எப்படி?

நான் மாக்கல்லில் செதுக்கிய முதல் மல்கோவாவைப் பார்த்துவிட்டு, "குளிக்கிற சோப்பை எதுக்குங்ணா ஷோகேசுல வச்சிருக்கீங்க?" என்று கேட்டது பக்கத்து வீட்டுப் பெண். கிண்டல் இல்லை, நிஜமாகவே சோப்பு என்று நினைத்துவிட்டது.

அதைச் செதுக்க எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. வரைவதற்கு ஒரு நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை. சேலத்துக்காரனுக்கு மாம்பழம் எப்படி இருக்கும் என்று தெரியாதா என்ற நினைப்புதான். தெரிந்ததெல்லாம் ருசி. காம்புக்குப் பக்கத்தில் எந்தத் தோள் உயரம், எந்தத் தோள் சரிவு என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

நான் ஐடிஐயில் பிட்டர் படித்தவன். பட்டறையில் இருபது வருடத்துக்கு மேல் டிராயிங் பார்த்து வேலை செய்தவன். எலிவேஷன் (எதிரே நின்று பார்ப்பது), பிளான் (மேலிருந்து பார்ப்பது), செக்‌ஷன் (குறுக்கே வெட்டிப் பார்ப்பது) எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் இரும்பில் விளிம்பு உண்டு, மூலை உண்டு. மாங்காய்க்கு இரண்டும் கிடையாது. எங்கே ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் தொடங்குகிறது என்றே தெரியாத ஒன்றை எப்படி வரைவது? சிற்பம் பழகுகிறவர் வரையக் கற்க வேண்டியது அதைத்தான். படம் அழகாக வர வேண்டும் என்ற அவசியமே இல்லை. என்னுடையவை இன்றைக்கும் அழகாக இல்லை.

என்னென்ன வேண்டும்

ஒரு எச்.பி. பென்சில், ஒரு 6பி பென்சில், ஒரு துண்டுக் கரி, ஒரு பக்கம் அச்சடித்த பழைய தாள்கள், நாலைந்து ரப்பர் பேண்டு, ஒரு முழம் கட்டுக்கம்பி. அழிரப்பர் வேண்டாம். தப்பான கோடு இருந்தால்தான் அடுத்த கோட்டை எங்கே போடுவது என்று தெரியும்.

கல்லுக்குச் சேலத்தில் பஞ்சமில்லை. கல்சட்டி செய்கிற அதே மாக்கல்தான். சட்டி கடைகிறவர்களிடம் கேட்டால் உடைந்த துண்டு கிடைக்கும். எனக்குக் கொடுத்த பெரியவர் துண்டைச் சுத்தியல் காம்பால் தட்டிக் காண்பித்தார். "சத்தம் கணீர்னு வரணும் தம்பி. மக்குனாப்ல வந்தா உள்ளுக்குள்ள விரிசல் இருக்குது." நல்ல மென்மையான துண்டு என்றால் நகத்தால் கீறினாலே கோடு விழும்.

மாதிரிக்கு ஒரு கிளிமூக்கு மாங்காய் வாங்கிக்கொள்ளுங்கள். மல்கோவா குண்டாக இருப்பதால் சுலபம் என்று நினைத்து நான் ஏமாந்தேன். கிளிமூக்குக்கு மூக்கு துருத்திக்கொண்டு நிற்பதால், பழம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற குழப்பம் வராது. காயாக இருந்தால் ஒரு வாரம் தாங்கும்.

படி 1: சுற்றி வந்து எட்டுப் படம்

மாங்காயை ஒரு ஸ்டூலில் நிற்க வையுங்கள். நிற்காவிட்டால் அடியில் கொஞ்சம் கோதுமை மாவு உருண்டை. ஸ்டூலைச் சுற்றிச் சாக்பீஸால் எட்டு இடத்தில் குறி போட்டு, ஒவ்வொரு குறியிலும் நின்று ஒரு படம். ஒன்றுக்கு மூன்று நிமிடம், அதற்கு மேல் கூடாது. உள்ளங்கை அளவுக்கு வரைந்தால் போதும்.

மூன்றாவது படத்தில் சலிப்பு தட்டும். ஐந்தாவதில்தான் விஷயமே ஆரம்பிக்கும். மூக்கு உங்களைப் பார்த்து நேராக நிற்கும் இடம் ஒன்று வரும். பக்கவாட்டில் அவ்வளவு எடுப்பாக இருந்த மூக்கு அங்கிருந்து காணாமல் போய், வெறும் ஒரு சின்ன மேடு மட்டும் தெரியும். வெளிக்கோட்டை மட்டும் நம்பினால் அந்த மேட்டை வரையவே முடியாது. அந்தப் படத்தை மட்டும் பத்திரமாக வையுங்கள், படி 3-க்கு வேண்டும்.

படி 2: கண்ணை மூடிக்கொண்டு ஒன்று

இடது கையில் மாங்காய், வலது கையில் பென்சில். கண்ணை மூடிக்கொண்டு, இடது கை விரல் மாங்காயின் மேல் மெதுவாக நகர, அதே வேகத்தில் பென்சில் தாளில் நகர வேண்டும். வருகிற படம் கத்தரிக்காய் மாதிரியோ செருப்பு மாதிரியோ இருக்கும். பரவாயில்லை. காம்புக் குழியை விரல் கடக்கும்போது கை தானாக வேகம் குறைவதைக் கவனியுங்கள். பின்னால் அரம் பிடிக்கப் போவதும் அதே கைதான்.

பிரெஞ்சுச் சிற்பி ரோதான் தன் கடைசிக் காலத்தில், நடமாடும் மாடலை விட்டுக் கண்ணை எடுக்காமல், தாளைக் குனிந்து பார்க்காமல் நிறைய வரைந்திருக்கிறார். அவரே தாளைப் பார்க்காதபோது நமக்கென்ன வெட்கம்?

படி 3: ரப்பர் பேண்டு போடுங்கள்

நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அதிக நேரம் செலவழிப்பது இந்தப் படியில்தான்.

மாங்காயின் குறுக்கே நாலு ரப்பர் பேண்டை இடைவெளி விட்டு மாட்டுங்கள். காம்புக்குக் கீழே ஒன்று, தோளில் ஒன்று, வயிறு பெருத்த இடத்தில் ஒன்று, மூக்குக்குக் கொஞ்சம் மேலே ஒன்று. இப்போது மாங்காயை மறந்துவிட்டு, ரப்பர் பேண்டுகளை மட்டும் வரையுங்கள். ஒவ்வொன்றும் ஒரு வளைவு. வயிறு உப்பிய இடத்தில் வளைவு அதிகம், தட்டையான கன்னத்தில் குறைவு. நாலு வளைவையும் வரைந்துவிட்டால், வெளிக்கோடு போடாமலே தாளில் ஒரு மாங்காய் உப்பிக்கொண்டு நிற்கும். படி 1-ல் பத்திரமாக வைத்த படத்தின் மேலும் இந்த வளைவுகளைப் போட்டுப் பாருங்கள். காணாமல் போன மூக்கு திரும்பி வந்துவிடும்.

இங்கிலாந்துச் சிற்பி ஹென்றி மூர் இப்படித்தான் உடம்பின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு ஓட்டி வரைவார். இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் படுத்துக் கிடந்த மக்களை அவர் வரைந்த 1940, 41-ஆம் ஆண்டுப் படங்களிலும் இந்தக் கோடுகளைப் பார்க்கலாம். போர்வைக்குள் சுருண்ட உடம்புகள் ஒவ்வொன்றும் செதுக்கிய கல் போலக் கனமாகத் தெரியும்.

அடுத்து ஒரு பட்டறை வித்தை. கட்டுக்கம்பியை ரப்பர் பேண்டு இருக்கும் இடத்தில் மாங்காயைச் சுற்றி அழுத்தி வளையுங்கள். வடிவம் கெடாமல் கழற்றித் தாளில் வைத்து, உள்பக்கம் பென்சில் ஓட்டுங்கள். இதுதான் அந்த இடத்தின் செக்‌ஷன். வட்டமாக வரும் என்று நினைத்திருப்பீர்கள். வராது. பக்கவாட்டில் அமுங்கிய முட்டை மாதிரி வரும். என் முதல் பழம் சோப்பானதன் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. எல்லா இடத்தையும் வட்டமாகவே ராவி வைத்திருந்தேன்.

படி 4: ஒரு பக்க வெளிச்சம்

சாயங்காலம் ஒரே ஒரு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, கரியால் வரையுங்கள். மூன்றே நிறம்: தாளின் வெள்ளை, லேசான தேய்ப்பு, அழுத்திய கருப்பு. வெளிச்சம் எங்கே முடிந்து நிழல் எங்கே ஆரம்பிக்கிறதோ அந்த எல்லையில்தான் வடிவம் திரும்புகிறது. டியூப் லைட் வேண்டாம், எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும்.

இந்தப் பயிற்சிக்கு ஒரு நாள் ஏற்காடு போய் வரலாம். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பஸ்ஸில் வரைய முடியாது, முயற்சி செய்து வாந்திதான் மிச்சம். பகோடா பாயின்ட்டில் அடுக்கி வைத்தாற்போல் நிற்கும் பாறைகளை வரையுங்கள். பாறையைவிட, பாறைக்கும் பாறைக்கும் நடுவே தெரியும் வானத்தின் வடிவத்தை வரைந்து பாருங்கள், பாறை தானாக வந்து நிற்கும். காலையிலேயே போய்விடுங்கள். பனி இறங்கினால் தாள் நமத்துப்போகும், கரி ஒட்டாது.

படி 5: தாரமங்கலத்தில் ஒரு மதியம்

மாங்காய் வரைகிறவனுக்குக் கோயில் எதற்கு என்று கேட்கலாம். கைலாசநாதர் கோயிலில் ராமன், வாலி சிற்பங்களைப் போய்ப் பாருங்கள். ராமன் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலியும் சுக்ரீவனும் சண்டை போடுவது தெரியும். வாலி இருக்கும் தூணிலிருந்து பார்த்தால் ராமன் தெரிய மாட்டான். கதையில் மறைந்து நின்ற மாதிரியே கல்லிலும் மறைந்து நிற்கிறான்.

அங்கே சிற்பங்களை வரைவதற்கு முன்னால், தூண்களை மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு பிளான் போடுங்கள். தூணுக்கு ஒரு கட்டம், பார்வைக்கு ஒரு கோடு. எந்தக் கோடு எந்தத் தூணில் முட்டி நிற்கிறது என்று ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். பார்க்கிறவன் எங்கே நிற்பான் என்பதையும் சேர்த்து யோசிக்காமல் இப்படி ஒன்றைச் செய்திருக்கவே முடியாது. உங்கள் மாங்காய்க்கும் அதே கேள்விதான்: மேஜையில் இருக்கப் போகிறதா, கண் மட்டத்தில் அலமாரியில் இருக்கப் போகிறதா?

கோயிலில் வரைய அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். பென்சில் மட்டும் போதும். கரி படிந்த கையால் தூணைத் தொட வேண்டாம்.

படி 6: அளவு

மாங்காய் 15 செ.மீ., கல் 12 செ.மீ. என்றால் எல்லா அளவையும் 0.8-ஆல் பெருக்க வேண்டும். 5 செ.மீ. மூக்குப் பகுதி 4 செ.மீ. ஆகும்.

கணக்கு வராதவர்களுக்கு நம் ஸ்தபதிகளின் வழி இருக்கிறது. சுவாமிமலையில் சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலை நறுக்கி, அதை மடித்து மடித்துப் பிரிவுகளைக் குறித்துக்கொள்வார்கள். தாலம் என்பது சிலையின் அளவுக்கான கணக்கு முறை. உத்தம தச தாலத்தில் உயரம் 124 அங்குலம், நவ தாலத்தில் 108. அந்த அங்குலம் டேப்பில் இருக்கும் அங்குலம் கிடையாது. சிலையின் உயரத்தில் 124-இல் ஒரு பங்கு. சிலை சாண் உயரமோ ஆள் உயரமோ, விகிதம் மாறாது. மாங்காய்க்கு எட்டு மடிப்பு போதும். மாங்காய்க்கு ஒரு ஓலை, கல்லுக்கு ஒரு ஓலை, இரண்டையும் எட்டாக மடித்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கல்லின் அளவிலேயே முன்பக்கம் (மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பித் தெரிவது), பக்கவாட்டு, மேல்பார்வை என்று மூன்று படம். எட்டு மடிப்புக் கோடுகளும் முன்பக்கப் படத்திலும் பக்கவாட்டுப் படத்திலும் ஒரே உயரத்தில் ஓட வேண்டும்.

பின்பக்கத்தைத் தனியாக வரையாதீர்கள். முன்பக்கத் தாளை ஜன்னல் கண்ணாடியில் திருப்பி ஒட்டி அப்படியே நகல் எடுங்கள், ஏனென்றால் பின்னாலிருந்து பார்த்தால் மூக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். நான் இதை மறந்து, முன்னும் பின்னும் ஒரே படத்தை ஒட்டிவிட்டு இரண்டு பக்கமிருந்தும் ராவிக்கொண்டே போனேன். இரண்டு மூக்கு வைத்த மாங்காய் ஒன்று என் வீட்டில் இருக்கிறது. இப்போது கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது.

படி 7: கல்லின் மேல் வரைவது

கல்லைச் சதுரமாக அறுத்துக்கொண்டு, நாலு பக்கமும் நடுக்கோடு போடுங்கள். பிறகு படங்களை ஏற்றுங்கள். மாக்கல்லில் 6பி நன்றாகப் பிடிக்கும். ஸ்தபதிகள் செங்காவியால் கோடு போடுவதும், உளி அதைத் தின்றுவிட்டால் மறுபடி போடுவதுமாகத்தான் வேலை நடக்கும்.

முதலில் பக்கவாட்டு வடிவத்தை ஹேக்சாவால் அறுங்கள். கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. விட்டு அறுப்பது நல்லது. அறுத்த துண்டோடு முன்பக்கப் படமும் போய்விடும், பதற வேண்டாம். வளைந்த பரப்பின் மேல் நடுக்கோட்டை மறுபடி போட்டு, ஓலையை வைத்து எட்டுக் கோட்டைக் குறித்து, முன்பக்கப் படத்தைத் திரும்ப வரையுங்கள். அலுப்பாக இருக்கிறது என்று இதை விட்டவர்களுக்கெல்லாம் பழம் ஒரு பக்கம் சாய்ந்துதான் வந்திருக்கிறது.

அப்புறம் முரட்டு அரம். கல்லை நனைத்துக்கொண்டே ராவுங்கள், முகக்கவசம் போடுங்கள், தூளைக் காயவைத்துப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். சில மாக்கல்லில் கல்நார் இழை கலந்திருக்க வாய்ப்பு உண்டு. நுரையீரலுக்கு ஆகாது.

ராவும்போது படி 3-ல் எடுத்த கம்பி வளைவுகளைத் தாளில் 0.8 அளவுக்குச் சுருக்கி, அட்டையில் வெட்டிக் கல்லோடு பொருத்திப் பாருங்கள். அட்டை வளைவின் நடுப்பகுதியில் வெளிச்சம் தெரிந்தால் இரண்டு பக்கமும் கல் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

படி 8: பாதியில் நிறுத்தி வரையுங்கள்

முக்கால்வாசி வேலை முடிந்ததும் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, கல்லை ஸ்டூலில் வைத்துப் பழைய எட்டுக் குறிகளில் நின்று மறுபடி எட்டுப் படம். பிறகு முதல் எட்டையும் இந்த எட்டையும் தரையில் ஜோடி ஜோடியாகப் பரப்புங்கள். எனக்குப் பெரும்பாலும் ஆறாவது ஜோடியில், காம்புக்குப் பின்னால்தான் உதைக்கும். வேலை செய்யும்போது கல்லை எப்போதும் ஒரே பக்கமாகப் பிடித்திருக்கிறேன் என்று அர்த்தம். உங்களுக்கு வேறு இடத்தில் உதைக்கலாம். அந்த இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவிட்டு அங்கே மட்டும் ராவுங்கள்.

சரியாக வந்துவிட்டது என்று தோன்றியதும் 120, 220, 400 என்று வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, தேங்காய் எண்ணெய் பூசலாம். பூசும் முன் நடுக்கோட்டைக் கடைசியாக ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள். எண்ணெய் பட்டால் மாக்கல் கல்சட்டி மாதிரி கருத்துவிடும், அதற்கப்புறம் பென்சில் கோடு கண்ணுக்குத் தெரியாது.