உதிரிபாகம் வாங்கும் முன் காரின் உடன்பிறப்பைத் தேடுங்கள்

காருக்கு உதிரிபாகம் வாங்குவதற்கு முன், அதே கார் வேறு பெயரிலும் விற்கப்பட்டதா என்று பார்த்து, அந்தப் பெயரில் அதே பாகத்தின் விலையையும் கேட்டுவிடுங்கள். 2005இல் வந்த டொயோட்டா அய்கோ, பெஜோ 107, சிட்ரோயன் சி1 ஆகிய மூன்றும் செக் குடியரசில் ஒரே தொழிற்சாலையில் உருவானவை. 2012இல் அறிமுகமான டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் இரண்டும் அப்படியே ஜப்பானில் ஒரே தொழிற்சாலையில் உருவானவை. பாகத்தைத் தயாரிப்பவர் பெரும்பாலும் ஒருவரே என்றாலும், ஒவ்வொரு கார் நிறுவனமும் அதைத் தன் பெட்டியில் இட்டு, தன் விருப்பப்படி விலை வைக்கிறது. சொகுசுப் பெயருக்குத் தனி விலை என்பது சொல்லாமலே விளங்கும்.

பழைய பாகத்தைக் கழற்றிப் பார்த்தால், பிரேக் பேடின் பின்தகட்டிலோ சென்சாரின் உடலிலோ உண்மையான தயாரிப்பாளரின் பெயரும் எண்ணும் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணைக் கொண்டு தேடுவதே நம்பகமான வழி. கார்கள் ஒன்று போலிருக்கின்றன என்பதை மட்டும் நம்பி வாங்குவது சரியல்ல.

பம்பர், விளக்கு, கிரில் போன்ற வெளித்தோற்றப் பாகங்களுக்கு இது பொருந்தாது. இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றாக இருந்தாலும் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குகளும் பிரேக் டிஸ்க்கின் அளவும் மாறுபடலாம். மென்பொருள் ஏற்ற வேண்டிய கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும், ஏர்பேக்கிலும் இந்தச் சிக்கனத்தை முயலவே வேண்டாம். வாரண்டி முடியாத காரென்றால், அதன் நிபந்தனைகளை முதலில் படித்துவிடுங்கள்.