நமுத்த தீக்குச்சி சொல்லும் பாடம்: திடப்பொருளின் தீப்பற்றும் தன்மையைச் சோதிப்பது எப்படி?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் கடற்கரையில் தீக்குச்சி லேசில் எரியாது. புதுப் பெட்டியாக இருந்தாலும் இரண்டு நாள் வெளியே கிடந்தால் போதும், மருந்து நமுத்துப்போய், உரசும்போது குழைந்து பெட்டியின் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அதற்காகத் தீக்குச்சியைத் தீப்பற்றாத பொருள் என்று யாரும் சொல்லிவிடுவதில்லை. ஆனால் ஒரு ரசாயனப் பொடி அதே ஈரக் காற்றில் நமுத்து, சுடரைக் காட்டியும் எரியாமல் கருகி நின்றால், 'தீப்பற்றவில்லை' என்று எழுதிவிடக் கை துடிக்கிறது. நானும் ஒருமுறை அப்படி எழுதினேன். அந்தக் கதையைச் சோதனையின் நடுவே சொல்கிறேன், அங்கேதான் அது பயன்படும்.

இங்கே நான் விளக்கப்போவது ஐக்கிய நாடுகள் அமைப்பின் சோதனைக் கையேட்டில் என்.1 என்று குறிக்கப்படும் எரிவேகச் சோதனை. ஒரு பொடியைச் சாக்கில் கட்டி லாரியிலோ கப்பலிலோ ஏற்றுவதற்கு முன், அது எளிதில் தீப்பற்றும் திடப்பொருளா, அதாவது 4.1 வகையைச் சேர்ந்ததா என்று தீர்மானிக்க உலகம் முழுவதும் இதைத்தான் செய்கிறார்கள். வெள்ளையில் சிவப்புப் பட்டைகள் செங்குத்தாக ஓட, நடுவே தீச்சுடர் வரைந்த சாய்சதுர அட்டையை லாரிகளின் பின்புறம் பார்த்திருப்பீர்கள். அந்த அட்டை அந்தச் சரக்குக்குத் தேவையா என்ற கேள்விக்கு இந்தச் சோதனை விடை தருகிறது. நமக்குப் பழக்கமான கந்தகம், அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன், ராமேஸ்வரம் கோவில் வாசலில் விற்கும் சூடம் ஆகிய மூன்றுமே 4.1 பட்டியலில் இருப்பவை. அவற்றைச் சரக்குத் தாள்களில் அடையாளம் காட்டும் ஐ.நா. எண்கள் முறையே 1350, 1334, 2717.

எதைத் தொடக்கூடாது

புதிதாகக் கற்பவர்கள் சில பொருட்களின் பக்கமே போக வேண்டாம். மெக்னீசியம், அலுமினியம் போன்ற உலோகப் பொடிகளுக்குச் சோதனை நேரமும் அளவுகோலும் வேறு, அவற்றில் தீப் பிடித்தால் தண்ணீரால் அணைக்கவும் முடியாது. நைட்ரேட், குளோரேட் போன்ற ஆக்சிஜனேற்றிகளுக்குத் தனிச் சோதனை உண்டு. வெடிக்கும் தன்மை உள்ளவை, பெராக்சைடுகள், காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்பவை, பெயர்ச்சீட்டு இல்லாத பொட்டலங்கள் எல்லாமே விலக்கு. பொருளின் பாதுகாப்புத் தகவல் தாளை முழுவதும் படிக்காமல் மூடியைத் திறக்காதீர்கள். படித்த பிறகும், ஸ்பாட்டுலா என்னும் தட்டையான சிறு கரண்டியின் நுனியில் ஒரு சிட்டிகை எடுத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு சுடரில் காட்டிப் பாருங்கள். சீறினாலோ பொரிந்து தெறித்தாலோ அத்துடன் நிறுத்திவிட்டு மூத்தவரை அழையுங்கள். சிட்டிகையில் சீறுவதை வரிசையாகக் கொட்டிப் பற்றவைப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

தனியாகச் செய்யாதீர்கள். பருத்திக் கோட்டும் கண்ணாடியும் கட்டாயம். எங்கள் ஊர் வெக்கையில் கோட்டைக் கழற்றிவிட்டு நைலான் சட்டையோடு நிற்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நைலான் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

தீயணைக்க ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். கடற்கரை மாவட்டத்தில் மணலுக்கா பஞ்சம் என்று அலையோரத்தில் அள்ளிவந்துவிடாதீர்கள். அது உப்பும் ஈரமும் ஊறிய மணல், வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே பிசுபிசுக்கும். உலர்ந்த ஆற்று மணலைச் சலித்து, வெயிலில் காயவைத்து, மூடிபோட்ட வாளியில் வையுங்கள்.

வேண்டியவை

புகையை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூட், ஸ்டாப்வாட்ச், அடிக்கோல், காற்று மறைப்புத் தட்டி, ஒரு மி.லி. அளக்கும் பிப்பெட், காய்ச்சி வடித்த நீர். இவற்றோடு பொடி எரியவேண்டிய பலகை. அது எரியாததாகவும், நீர் ஊறாததாகவும், வெப்பத்தை எளிதில் கடத்தாததாகவும் இருக்கவேண்டும். இரும்புத் தகட்டில் பொடியைப் பரப்பினால் தகடு வெப்பத்தை உறிஞ்சித் தீயைக் குளிரவைத்துவிடும், முடிவு பொய்யாகும்.

பொடியை வார்க்க ஓர் அச்சு வேண்டும். நீளம் 250 மி.மீ., முக்கோண வெட்டுமுகம், உள்ளுயரம் 10, அகலம் 20. இதன் கொள்ளளவு 25 மி.லி., அதாவது ஒரு தேநீர்க் குவளையில் கால் பங்குக்கும் குறைவு. ஆறு முறை வார்க்கவேண்டி வரலாம் என்பதால் குறைந்தது 200 மி.லி. பொடியாவது கையில் இருக்கட்டும். அச்சை இரும்பில் செய்யாதீர்கள். உப்புக் காற்றில் ஒரு மாதத்தில் துருப்பிடித்து, துருத்துகள் பொடியில் கலக்கும். துருப்பிடிக்காத எஃகு நல்லது.

புன்சன் அடுப்பையும் இதே உப்புக் காற்று விடுவதில்லை. காற்றுத் துளையில் பச்சைக் களிம்பு ஏறினால் சுடர் மஞ்சளாகிச் சோம்பிப் போகும். சோதனைக்கு வேண்டிய சுடரின் வெப்பம் குறைந்தது 1000 டிகிரி செல்சியஸ், அடுப்பின் வாய் குறைந்தது 5 மி.மீ. விட்டம். நீலச் சுடர் இரைந்து எரியும்வரை துளையைத் துடையுங்கள். மஞ்சள் சுடரை வைத்துக்கொண்டு தொடங்கவே வேண்டாம்.

பொடியைக் காற்றிலிருந்து காப்பது

சோதனையின் பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது. ராமநாதபுரம் மழை குறைந்த மாவட்டம், ஆகவே காற்றும் வறண்டிருக்கும் என்று வெளியூரிலிருந்து வருபவர்கள் நினைக்கிறார்கள். மன்னார் வளைகுடா ஒரு பக்கம், பாக் நீரிணை மறு பக்கம் என்று இருபுறமும் கடல் இருக்கும்போது காற்று எப்படி வறளும்? பகலில் சுக்காகக் காய்ந்த கருவாடு, மூடாமல் விட்டால் விடிவதற்குள் வளையத் தொடங்கிவிடுகிறது. வீட்டு உப்பு ஜாடி தானாகக் கசிகிறது. பொடியும் அப்படித்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நவம்பர் மாதம், சாயத் தொழிலுக்குப் போகும் கரிமப் பொடி ஒன்று என்னிடம் வந்தது. ஈரத்தை இழுக்கும் இனம். காலையில் 'கடிகாரக் கண்ணாடி' என்னும் ஆழமில்லாத கண்ணாடித் தட்டில் கொட்டி வைத்தேன், நடுவில் வேறு வேலை வந்தது, சாப்பாடும் முடிந்தது, பிற்பகலில்தான் பற்றவைத்தேன். நுனியில் தீப் பிடித்தது, ஏறக்குறைய 60 மி.மீ. போனது, புகைந்து அணைந்தது. 'பரவவில்லை' என்று பதிவேட்டில் எழுதினேன். எங்கள் உதவியாளர் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர், காற்றை மூக்கால் அளப்பவர். அவர் கேட்டார்: "ஐயா, வாடைக் காற்று அடிக்கிற நாளில் காலையிலிருந்து திறந்து கிடந்த பொடி அல்லவா இது?" மறுநாள் புதிய புட்டியைத் திறந்த கையோடு வார்த்துப் பற்றவைத்தோம். இரண்டு நிமிடத்துக்குள் 200 மி.மீ. தாண்டி ஓடியது. அறிக்கை இன்னும் அனுப்பப்படாமல் மேசையில் இருந்ததால் தப்பித்தோம். அனுப்பியிருந்தால், அந்தச் சாக்குகள் எந்த எச்சரிக்கை அட்டையும் இல்லாமல் வைக்கோல் லாரிக்குப் பக்கத்தில் நின்றிருக்கக்கூடும்.

எல்லாப் பொடியையும் அடுப்பில் காயவைத்துச் சோதிக்கவேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. பொருள் எந்த நிலையில் விற்கப்படுகிறதோ, சாக்குக்குள் எப்படி இருக்கிறதோ, அதே நிலையில் சோதிக்கவேண்டும் என்பதே விதி. ஈரமாகவே விற்கப்படும் பொருளை உலர்த்திச் சோதிப்பதும் தவறுதான். ஈரம் இழுக்கும் பொருளாக இருந்தால் புட்டியைத் திறந்த உடனே சோதனையை முடித்துவிடுங்கள். ஒவ்வொரு முறைக்கும் வேண்டிய அளவைத் தனித்தனிச் சிறு புட்டிகளில் முன்கூட்டியே அடைத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்ட டெசிகேட்டரில், அதாவது காற்றுப் புகாத மூடிய கலத்தில், வைத்துக்கொள்வது என் வழக்கம். சிலிகா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறிவிட்டால் அது ஈரத்தால் நிறைந்துவிட்டது, மாற்றுங்கள்.

முதல் கட்டம்: பரவுகிறதா?

வெளியே திறந்தவெளியில் செய்தால் புகைத் தொல்லை இருக்காதே என்று தோன்றலாம். கூடாது. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று ஒரு வீச்சு வீசினால் எரியும் பொடி பறந்து எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. விழாவிட்டாலும் காற்று தீயை ஊதிவிடும், நாம் அளப்பது பொடியின் வேகமாக இருக்காது. ஃபியூம் ஹூட்டுக்குள், ஜன்னல்களை அடைத்து, மறைப்புத் தட்டி வைத்துச் செய்யுங்கள். இழுவிசிறியின் வேகத்தை இடையில் மாற்றாதீர்கள். பொடி வரிசை காற்றோட்டத்துக்குக் குறுக்காக இருக்கட்டும்.

பலகை குளிர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, 250 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலம், 10 மி.மீ. உயரத்தில் இடைவெளி விடாமல் பொடியைப் பரப்புங்கள். ஒரு நுனியில் சுடரைப் பிடியுங்கள். பற்றிக்கொண்டால் எடுத்துவிடலாம், பற்றாவிட்டால் இரண்டு நிமிடம் வரை பிடித்துப் பார்க்கலாம். பிறகு கவனியுங்கள். இரண்டு நிமிடத்துக்குள் 200 மி.மீ. தூரம் பரவுகிறதா? சுடர்விட்டுத்தான் பரவவேண்டும் என்பதில்லை, கங்காகக் கனன்று நகர்ந்தாலும் கணக்கில் சேரும். மின்விளக்கு வெளிச்சத்தில் கங்கு கண்ணுக்குத் தப்பிவிடும், ஆகவே அறையைச் சற்று இருட்டாக்கிப் பாருங்கள்.

பரவவில்லை என்றால் அது 4.1 வகைத் திடப்பொருள் அல்ல, சோதனை முடிந்தது. பரவினால் அடுத்த கட்டம்.

பழகிப் பார்க்க விரும்புகிறவர்கள் பொடித்த சர்க்கரையில் தொடங்கலாம். உருகும், கருகும், மணக்கும், ஆனால் தீ வரிசை முழுவதும் ஓடாது. 'பரவவில்லை' என்பது எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிடும்.

இரண்டாம் கட்டம்: எவ்வளவு வேகம்?

அச்சில் பொடியைத் தளர்வாக நிரப்புங்கள். கையால் அழுத்தவேண்டாம். 20 மி.மீ. உயரத்திலிருந்து கெட்டியான மேசைமேல் அச்சை மூன்று முறை விழவிடுங்கள். படிந்த இடத்தை மீண்டும் நிரப்பி மேலே சமமாக வழித்து, பலகையை மேலே கவிழ்த்துப் பிடித்து, இரண்டையும் சேர்த்துத் திருப்பி, அச்சை மெதுவாக எடுங்கள். கடற்கரையில் பிள்ளைகள் சிரட்டையில் மணல் வீடு கட்டுவது போன்ற வேலைதான், கை நடுங்கக்கூடாது. முனை உடைந்தால் தட்டிச் சரிசெய்யாதீர்கள், மறுபடி அச்சில் வார்த்தெடுங்கள்.

இப்போது பலகையின் ஓரத்தில் மூன்று குறிகள்: பற்றவைக்கும் நுனியிலிருந்து 80 மி.மீ., 180 மி.மீ., 215 மி.மீ. முதல் 80 மி.மீ. தீ சீராக எரியத் தொடங்குவதற்கான தூரம். 80 முதல் 180 வரை உள்ள 100 மி.மீ. தூரத்தைத்தான் நேரம் பார்க்கிறோம். 215-ல் ஒரு மி.லி. நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வரிசையின் குறுக்கே முழுவதும் நனையச் செய்யவேண்டும். பக்கவாட்டில் வழிந்துவிடக்கூடாது. மேலே 3 மி.மீ. ஆழம், 5 மி.மீ. விட்டத்தில் ஒரு குழி செய்து அதில் விடலாம். நீர் தாமரை இலைத் தண்ணீராக உருண்டால், நீர் பொடியில் ஊற உதவும் நனைப்பான் ஒன்றை அதில் சேர்க்கலாம், ஆனால் அது கரைசலில் ஒரு சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், அதில் இருக்கும் உப்பு தீயின் போக்கை மாற்றலாம்.

பற்றவையுங்கள். தீ 80-ஐத் தொட்டதும் ஸ்டாப்வாட்ச், 180-ஐத் தொட்டதும் நிறுத்தம். அத்துடன் விட்டுவிடாமல் நனைந்த இடத்தைப் பாருங்கள். தீ அதைத் தாண்டுகிறதா, குறைந்தது நான்கு நிமிடம் அங்கேயே நிற்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறு முறை செய்யவேண்டும், ஒவ்வொரு முறையும் சுத்தமான, குளிர்ந்த பலகையில். இடையிலேயே ஒருமுறை அளவுகோலைத் தாண்டி வேகமாக எரிந்துவிட்டால் மீதியைச் செய்யத் தேவையில்லை. ஐந்து முறை நின்று ஆறாவது முறை ஓடினாலும் அது ஓடும் பொருள்தான், சராசரி எடுத்து அதை மறைக்கக்கூடாது.

முடிவைப் படிப்பது

100 மி.மீ. தூரத்தை 45 வினாடிக்குள் கடந்தால், அல்லது வேகம் வினாடிக்கு 2.2 மி.மீ.-ஐத் தாண்டினால், அது 4.1 வகை. 38 வினாடி ஆனால் வேகம் 2.63 மி.மீ., அட்டை ஒட்டவேண்டும். 52 வினாடி ஆனால் 1.92 மி.மீ., தேவையில்லை. வேகமாக எரிந்து, நனைந்த இடத்தையும் தாண்டினால் பொதிவுக் குழு (சரக்கின் ஆபத்து அளவைக் காட்டும் தரம்) இரண்டு. நனைந்த இடம் நான்கு நிமிடமாவது தடுத்தால் குழு மூன்று. இரண்டாம் குழுவுக்குத்தான் ஆபத்து அதிகம்.

இந்தச் சோதனை சொல்லாதவையும் உண்டு. எங்கள் மாவட்டத்தில் சீமைக் கருவேல மரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்குகிறார்கள். கரித்தூளை இந்தச் சோதனையில் வைத்தால் மெல்லக் கனலுமே தவிர இரண்டு நிமிடத்தில் 200 மி.மீ. போய்விடாது. ஆனால் மூட்டையாக அடுக்கிவைத்த கரி தானாகவே உள்ளுக்குள் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும், அதற்கு வேறு வகையும் வேறு சோதனையும் இருக்கின்றன. அரிசி மாவும் அப்படியே. குவித்துவைத்தால் மேலே கருகும், காற்றில் தூசியாகப் பறந்தால் பொறிபட்டு வெடிக்கும். '4.1 அல்ல' என்ற முடிவை 'ஆபத்தில்லை' என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

சாம்பலைச் சூடு ஆறும்வரை ஹூட்டிலேயே விட்டு, நீரில் நனைத்த பிறகே மூடிய உலோகக் கலத்தில் போடுங்கள். பதிவேட்டில் நேரங்களோடு நான்கு விவரங்களைத் தவறாமல் எழுதுங்கள்: புட்டி திறந்த நேரம், பற்றவைத்த நேரம், அறையின் ஈரப்பதம், அன்று அடித்த காற்று வாடையா கச்சானா என்பது. என் பழைய பதிவேட்டில் அந்த நவம்பர் நாளின் பக்கத்தில் இந்த நான்கும் இல்லை. அடித்துத் திருத்திய 'பரவவில்லை' மட்டும் இருக்கிறது. புதிதாகச் சேருபவர்களுக்கு அந்தப் பக்கத்தைத்தான் முதலில் காட்டுகிறேன்.