தூக்கத்தைப் பற்றிக் கேட்ட மருத்துவர்

எட்டு ஆண்டுகளாக எனக்குச் சர்க்கரை நோய். அதற்கான மெட்பார்மின் மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. ஆனாலும் இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.2-ஐ விட்டு இறங்கவே இல்லை. போகும்போதெல்லாம் மாத்திரையின் அளவு கூடும், சீட்டோடு திரும்புவேன்.

புதிதாகப் பார்த்த மருத்துவர் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, "இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்?" என்று கேட்டார். அம்மா படுத்த படுக்கையானதிலிருந்து இரவில் மூன்று முறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்கவைக்கிறேன் என்றேன். தூக்கக் குறைவும் மன அழுத்தமும் கார்டிசோல் என்ற ஹார்மோனை உயர்த்தும், அது கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியேறச் செய்யும் என்று விளக்கினார். பிறகு, சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று பார்க்கச் செருப்பைக் கழற்றச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தை அங்கங்கே தொட்டார். இடது பெருவிரலின் அடியில் தொட்டது எனக்குத் தெரியவே இல்லை. எட்டு ஆண்டுகளில் ஒருவர்கூட என் காலைப் பார்த்ததில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

தம்பியிடம் மனம்விட்டுப் பேசினேன். வாரத்தில் நான்கு இரவுகள் அம்மாவை அவன் பார்த்துக்கொள்கிறான். இரவு நான்கு தோசை ஒன்றாகக் குறைந்தது. கூடவே ஒரு கிண்ணம் சுண்டல். சாப்பிட்டதும் மொட்டை மாடியில் 15 நிமிட நடை. மாத்திரையை நிறுத்தவில்லை, நிறுத்தச் சொல்பவர்களை நம்பவும் வேண்டாம்.

ஆறு மாதத்தில் 7.1. பெருவிரலின் உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. தினமும் படுக்கும் முன் கைக்கண்ணாடியைப் பிடித்து உள்ளங்காலில் புண் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.