என்கோடர் கணக்கு சரியா? பத்து ரூபாய் நாணயம் சொல்லும்

ஓடும் பொருளை வரி வரியாகப் படமெடுக்கும் லைன் ஸ்கேன் கேமராவுக்கு, பெல்ட் நகர்வதை மின் துடிப்புகளாக (பல்ஸ்) சொல்லும் என்கோடர் இணைத்ததும், கன்வேயரில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்து ஓடவிடுங்கள். படத்தில் வட்டமாக வந்தால் கணக்கு சரி. ஓடும் திசையில் நீண்டால் பல்ஸ் அதிகம், நசுங்கினால் குறைவு.

இந்தக் கேமரா தனக்கு வந்து சேரும் ஒவ்வொரு பல்ஸுக்கும் ஒரு வரியை மட்டுமே எடுக்கும். ஒரு பல்ஸுக்கு பெல்ட் நகரும் தூரமும் ஒரு பிக்சல் பார்க்கும் அகலமும் சமமாக இருந்தால்தான் வட்டம் வட்டமாக வரும். உதாரணத்துக்கு, பெல்ட்டோடு உருண்டு என்கோடரைச் சுழற்றும் சக்கரத்தின் சுற்றளவு 200 மி.மீ., என்கோடர் ஒரு சுற்றுக்கு 1000 பல்ஸ். என்கோடரின் ஏ, பி என்ற இரண்டு சிக்னல்களையும் இணைத்து நான்கு மடங்காக எண்ணினால் 0.05 மி.மீ.க்கு ஒரு பல்ஸ். பிக்சல் 0.1 மி.மீ. என்றால் பல்ஸ்களை வகுத்துக் கேமராவுக்கு அனுப்பும் டிவைடரில் 2 போடுங்கள். நாணயத்தின் விட்டம் 27 மி.மீ.; நீளவாக்கில் சுமார் 270 வரி வர வேண்டும்.

மதுரை கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் ரப்பர் ஷீட், துணி மாதிரி தட்டையான சரக்கு ஓட்டுபவர்களுக்கு இது போதும். உயரமான பொருள் என்றால் நாணயத்தை அதே உயரத்தில் தூக்கி வைத்துப் பாருங்கள். கேமரா சாய்ந்திருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும். ஒவ்வொரு ஓட்டத்திலும் வடிவம் மாறினால் டிவைடரைத் தொடாதீர்கள். சக்கரம் வழுக்குகிறது, அல்லது மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டிய என்கோடர் ஒயரில் மின் இரைச்சல் ஏறுகிறது. முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் எடுக்கும் ஏரியா ஸ்கேன் கேமராவுக்கு இந்த வேலையே இல்லை.