உணவுக் கண்காட்சியில் சீஸ் ருசி பார்ப்பது எப்படி: நாக்கு மரத்துப் போகாமலிருக்க ஒரு வரிசை

எங்கள் மளிகைக் கடைக்குச் சரக்குப் பார்ப்பதற்காக, நியூயார்க் ஜாவிட்ஸ் மையத்தில் கோடையில் நடக்கும் ஃபேன்சி ஃபுட் ஷோவுக்கு முதன்முதலாகப் போயிருந்தேன். உள்ளே நுழைந்ததும் நான் வாயில் போட்டது நீலப் பூஞ்சை ஓடிய ஒரு சீஸ். அந்த ஸ்டால் வாசலருகே இருந்தது, நீட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். அதன்பின் மதியம்வரை எதைத் தின்றாலும் உப்பும் காரலும்தான் தெரிந்தன. அன்று ‘சப்பென்று இருக்கிறது’ என்று நான் ஒதுக்கியவற்றில் ஒன்று ஹம்போல்ட் ஃபாக். கலிஃபோர்னியாவில் செய்யப்படும் ஆட்டுப்பால் சீஸ், நடுவே சாம்பல் கோடு ஓடும். சில மாதங்கள் கழித்து அதே சீஸை நண்பர் வீட்டில் சாப்பிட்டபோது, எலுமிச்சைச் சாறு பிழிந்த கெட்டித் தயிர்போல வாயெல்லாம் மணத்தது. அதைக் கடைக்கு வாங்காமல் விட்டது இன்றும் எனக்கு வருத்தம்தான். இந்தக் குறிப்பை எழுதுவதும் அதனால்தான்.

இது பொதுமக்களுக்கான கண்காட்சி அல்ல. உணவுத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் அனுமதி. பதிவு செய்வது எளிது என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: வீட்டிலிருந்து கிளம்பும்போது

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். பசியில் எல்லாமே அமிர்தமாகத் தெரியும். வியாபாரத்துக்கு வாங்க வந்தவருக்கு அது ஆபத்து. வாசனைத் திரவியம் வேண்டாம். காப்பியை மாலைக்கு ஒத்திப்போடுங்கள்.

படி 2: முதலில் தின்னாமல் நடங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். மென்மையானதில் தொடங்கிக் கடுமையானதில் முடிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஸ்டால்கள் சுவையின் வரிசையில் அமைவதில்லை. நாடு, மாநிலம், நிறுவனம் என்று பிரித்து வைத்திருப்பார்கள். இத்தாலிய வரிசையில் மென்மையான மொசரெல்லாவுக்குப் பக்கத்திலேயே நீலப் பூஞ்சை ஓடிய கொர்கொன்சோலா இருக்கும். நடக்கும் வழியில் தின்றுகொண்டே போனால் தோற்றுப்போவோம்.

ஆகவே முதல் முக்கால் மணி நேரம் கையில் பென்சிலோடு சுற்றி வாருங்கள். யார் நீட்டினாலும் ‘பிறகு வருகிறேன்’ என்று சொல்லிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஸ்டால் எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் இலக்கம் போடுங்கள். ரிக்கோட்டா, புது ஆட்டுப்பால் சீஸ் போன்ற முற்றவிடாதவை 1. வெண்பூஞ்சைத் தோல் போர்த்தியவை 2. செடார், ஆல்ப்ஸ் மலை வகை, பார்மிஜானோ ரெஜ்ஜானோ போன்ற கெட்டியானவை 3. உப்புநீரில் தோலைக் கழுவிக் கழுவி முற்றவிட்ட, வாடை தூக்கலானவை 4. நீலப் பூஞ்சை 5. பிறகு அந்த இலக்க வரிசையில் தின்னுங்கள். ஒரே பாதையில் பலமுறை நடக்க நேரிடும், பரவாயில்லை. நீலப் பூஞ்சை பால்கொழுப்பை உடைத்துத்தான் அந்தக் காரமான மணத்தை உண்டாக்குகிறது. அதோடு உப்பும் அதிகம். நாக்கில் அது ஒட்டிக்கொண்டால் 1, 2 என்று குறித்தவற்றின் நயம் எதுவுமே தெரியாது.

படி 3: ருசி பார்ப்பது

நகத்தளவு போதும். ஒரு துண்டு 10 கிராம் என்றாலும் நாற்பது ஸ்டால்களில் 400 கிராம் சீஸ் உள்ளே போய்விடும்.

விரலால் உடைத்து முகருங்கள். வாயில் போட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு மென்றால் உப்பும் புளிப்பும் மட்டும் தெரியும். விரலை எடுத்து மூச்சை மூக்கு வழியே விடுங்கள். அப்போதுதான் மணம் வந்து சேரும். பார்மிஜானோவைக் கத்தியால் அறுத்துத் தராமல், பாதாம் வடிவக் குட்டைக் கத்தியைக் குத்திப் பிளந்து தரும் ஸ்டாலில் வாங்குங்கள். பிளந்த முகத்தில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும், பல்லில் நறநறவென்று படும். அது உப்பு அல்ல. முற்றும்போது புரதம் உடைந்து படிந்த டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் படிகம். ஏறத்தாழ 40 கிலோ எடையுள்ள ஒரு பார்மிஜானோ சக்கரத்துக்கு 550 லிட்டர் பால் போகிறது. குறைந்தது 12 மாதமாவது அதை முற்றவிடுவார்கள்.

இடையிடையே வாய் கொப்பளிக்க வெதுவெதுப்பான வெறும் தண்ணீரே எனக்குப் பிடித்தது. அது கொழுப்பை இளக்கிக்கொண்டு போகும். குளிர்ந்த நீர் உறையவைத்துவிடும். உப்பு பிஸ்கட் வேண்டவே வேண்டாம்.

படி 4: குறிப்பு எழுதுவது

முதலில் பெயர்ப்பலகையைப் படமெடுங்கள், அப்புறம் சீஸை. ஆனால் படம் ருசியைச் சொல்லாது. சட்டைப்பை நோட்டும் பென்சிலும்தான் என் தேர்வு. நெய்ப் பிசுக்கு ஒட்டிய காகிதத்தில் பேனா எழுதாது.

விற்பவர் சொல்லும் வார்த்தைகளை எழுதாதீர்கள். உங்கள் அடுக்களையின் வார்த்தைகளை எழுதுங்கள். வெர்மாண்ட்டின் ஜாஸ்பர் ஹில் பண்ணையிலிருந்து வரும் ஹார்பிசன், ஸ்ப்ரூஸ் மரத்தின் உள்பட்டையைச் சுற்றிக் கட்டிய மென்மையான சீஸ். மேல்தோலை நீக்கிவிட்டுக் கரண்டியால் வழித்துத் தந்தார்கள். ‘ஈரமரம், கடுகு தாளித்த வாசம்’ என்று எழுதினேன். ஓர் ஆல்ப்ஸ் வகைக்கு ‘முருங்கைக்கீரை போட்டு இறக்கிய நெய்’. ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் அந்த ருசி நாக்கில் எழுகிறது.

பின்சேர்க்கை: கண்காட்சியில் ஆலிவ் எண்ணெய் ருசித்தபோது தொண்டை கமறி இருமல் வந்ததாகவும், எண்ணெய் கெட்டுப்போயிருக்குமோ என்றும் இந்தக் குறிப்பைப் படித்த ஒருவர் கேட்டிருந்தார். கெடவில்லை. புது எண்ணெயில் உள்ள ஒலியோகாந்தல் என்ற பொருள் தொண்டையைப் பிடிக்கும். அது நல்ல அறிகுறி. கோப்பையை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றிய பிறகு உறிஞ்சுங்கள்.

இன்னொன்று: சீஸ் சைவம்தானா என்று சைவர்கள் பலர் கேட்டு எழுதியிருந்தீர்கள், முதலிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். பாலை உறையவைக்கும் ரென்னெட் கன்றின் இரைப்பையிலிருந்தும் எடுக்கப்படுகிறது. பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்கு விதிப்படியே அதுதான். அமெரிக்க உறைகளில் ‘என்சைம்கள்’ என்று மட்டும் போட்டிருந்தால் மூலம் தெரியாது, ‘ரென்னெட் எதிலிருந்து?’ என்று வாயைத் திறந்து கேளுங்கள். போர்ச்சுகல் ஸ்டால் இருந்தால் செர்ரா தா எஸ்த்ரேலாவைத் தேடுங்கள். கார்டூன் என்னும் முட்செடியின் பூவால் உறையவைத்த செம்மறிப்பால் சீஸ் அது. குழைவாக, ஓரத்தில் மெல்லிய கசப்போடு இருக்கும். என் வரிசையில் அதற்கு 4 போட்டிருக்கிறேன்.