அயர்லாந்தை அவசரமில்லாமல் சுற்றிப் பார்ப்பது எப்படி: ஊர்கள், பழைய இடங்கள், பப்கள்

அயர்லாந்துக்கு இரண்டு வாரம் போகிறேன், எங்கெல்லாம் போகலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, எழுதி வைத்திருக்கும் ஊர்களில் பாதியை அடித்துவிடுங்கள் என்பதுதான். வரைபடத்தில் தீவு சின்னதாகத் தெரியும், டப்ளினிலிருந்து காலையில் கிளம்பி மேற்குக் கரையில் இருக்கும் மோஹர் பாறைகளைப் பார்த்துவிட்டு இரவே திரும்பிவிடலாம் என்பதும் உண்மைதான், ஆனால் அப்படிப் போனால் அந்த நாளின் பெரும்பகுதி பஸ்ஸிலேயே போய்விடும், சாயங்காலம் கையில் இருக்காது. அயர்லாந்தில் சாயங்காலத்தை இழக்கவே கூடாது. ஒவ்வொரு ஊரிலும் குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள், முதல் நாள் போன பப்புக்கே இரண்டாவது நாளும் போங்கள். முதல் நாள் நீங்கள் ஒரு பயணி. இரண்டாவது நாள் உள்ளே நுழையும்போதே பாரில் நிற்பவர் தலையசைப்பார், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் காலையில் எங்கே போனீர்கள் என்று கேட்பார், நீங்கள் பார்த்துவிட்டு வந்த கோட்டையைப் பற்றி எந்தப் பலகையிலும் எழுதாத கதை ஒன்று வந்து விழும்.

முதலில் விசா. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் அயர்லாந்துக்குத் தனி விசா வேண்டும், பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா செல்லாது, ஏனென்றால் அயர்லாந்து ஷெங்கனில் இல்லை. பயணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம், கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள். வட அயர்லாந்தும் பெல்ஃபாஸ்டும் பிரிட்டனைச் சேர்ந்தவை, எல்லையில் பெரும்பாலும் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை, அதற்காகச் சட்டம் இல்லை என்று ஆகிவிடாது. இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கும் இந்தியர்களுக்கு பிரிட்டிஷ் ஐரிஷ் விசாத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் விசாவில் அந்தக் குறிப்பு இருந்தால் அந்த ஒரே விசாவில் இரண்டு பக்கமும் போகலாம். விசா கைக்கு வந்ததும் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். ஜூன் கடைசியில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், ஆறு மணிக்குக் கடையெல்லாம் அடைத்த பிறகும் நடக்க நாலு மணி நேரம் கிடைக்கும். மார்ச் 17, செயின்ட் பேட்ரிக் நாளன்று டப்ளினில் அறை வாடகை தாறுமாறாக ஏறும், கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம். மழை எந்த மாதத்திலும் வரும். காற்றில் குடை நிற்காது, தலைமூடி வைத்த மழைக்கோட்டு எடுத்துப் போங்கள்.

டப்ளினுக்கு மூன்று நாள் கொடுங்கள். விமான நிலையத்திலிருந்து நகருக்கு ரயில் கிடையாது, பஸ்தான். லீப் கார்டு ஒன்று வாங்கிக்கொண்டால் 90 நிமிடத்துக்குள் பஸ், டிராம் என்று மாறி மாறிப் போனாலும் ஒரே கட்டணம். கில்மெய்ன்ஹாம் சிறைக்கு டிக்கெட் 28 நாள் முன்பு இணையத்தில் வரும், வந்த வேகத்தில் தீர்ந்தும் போகும், அதனால் அந்தத் தேதியை முதலில் பிடித்துவிட்டு மற்ற நாட்களை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சியின் தலைவர்களில் 14 பேரை அந்த மே மாதம் இங்கேதான் சுட்டுக் கொன்றார்கள். கடைசியாக உங்களை அழைத்துப் போவது கல் உடைக்கும் முற்றத்துக்கு. உயரமான சுவர்கள், கீழே சரளைக்கல், ஒரு கோடியில் கறுப்புச் சிலுவை ஒன்று, எதிர்க்கோடியில், வாசல் பக்கம், இன்னொன்று. அந்த இரண்டாவது சிலுவை ஜேம்ஸ் கானலிக்கு. காயம்பட்டு நிற்க முடியாத நிலையில் இருந்த மனிதரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து, முற்றத்தின் மறுகோடி வரை தூக்கிப் போக முடியாமல், வாசலுக்குப் பக்கத்திலேயே நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டார்கள். வழிகாட்டி இதைச் சொல்லி முடிக்கும்போது யாரும் பேசுவதில்லை. அன்றைக்கு வேறு எந்த அருங்காட்சியகமும் வைத்துக்கொள்ளாதீர்கள், ஓ'கானல் தெருவுக்கு நடந்து போய் எழுச்சியின் தலைமையிடமாக இருந்த பொதுத் தபால் நிலையத்தைப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் ஓ'கானல் சிலையின் அடியில் சிறகு வைத்த பெண் உருவங்களில் குண்டு துளைத்த ஓட்டைகள் இன்னும் இருக்கின்றன.

டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் கெல்ஸ் புத்தகம், சுமார் கி.பி. 800-ல் துறவிகள் கன்றுத்தோலில் எழுதிய நற்செய்தி நூல், பார்க்க வேண்டியதுதான். ஆனால் அங்கிருக்கும் நீண்ட நூலகக் கூடத்தின் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், பாதுகாப்புப் பணிக்காகப் புத்தகங்களைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள், அலமாரிகள் காலியாக இருக்கும். பணம் யோசிப்பவர்கள் டப்ளின் கோட்டை வளாகத்தில் இருக்கும் செஸ்டர் பீட்டி நூலகத்துக்குப் போங்கள். அனுமதி இலவசம், பழைய பாப்பிரஸ் ஏடுகளும் குர்ஆன் பிரதிகளும் முகலாய ஓவியங்களும் ஒரே கட்டடத்தில்.

ஒரு நாள் நியூகிரேஞ்சுக்கு, மண்மேட்டுக்குள் கல்லால் கட்டிய பழைய கல்லறை அது. சுமார் கி.மு. 3200-ல் கட்டியது, கீஸாவின் பெரிய பிரமிடை விட மூத்தது. நேராகப் போய் உள்ளே நுழைய முடியாது, புரூ நா போய்ன் வரவேற்பு மையத்துக்கான டிக்கெட்டை முன்பே எடுத்து அங்கிருந்து அவர்கள் பஸ்ஸில்தான் போக வேண்டும். தோளை ஒடுக்கிக்கொண்டு 19 மீட்டர் நடந்தால் அறை வரும். குளிர்காலத்தில் பகல் மிகக் குறுகிய நாட்களில் மட்டும், சூரியன் எழும்போது வாசலுக்கு மேல் விட்ட சின்னத் திறப்பு வழியாக வெளிச்சம் அந்த அறை வரை வந்து 17 நிமிடம் நிற்கும். அதை நேரில் பார்க்கக் குலுக்கலில் பெயர் வர வேண்டும். மற்ற நாட்களில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு செயற்கை ஒளிக்கீற்றை விட்டுக் காட்டுவார்கள். அந்த இருட்டு கண்ணுக்குப் பழக நேரம் எடுக்கும், கையைக்கூடப் பார்க்க முடியாது, அப்புறம் தரையில் ஒரு மஞ்சள் கோடு மெல்ல ஊர்ந்து வரும். மூடிய சின்ன இடம் பயம் என்றால் வரிசையில் கடைசியாக நில்லுங்கள், வெளியே வருவதற்கு நீங்கள்தான் முதல்.

சரி, பப். உள்ளே போனால் மேசையில் உட்கார்ந்து யாராவது வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம், பாருக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே காசு கொடுத்து, நீங்களே எடுத்துவர வேண்டும். பாரில் வாங்கும் பானத்துக்கு டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. கின்னஸ் என்ற கறுப்பு பீரைக் கேட்டால் முக்கால் கிளாஸ் ஊற்றி ஓரமாக வைத்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போவார், மறந்துவிட்டார் என்று நினைத்துக் கையை நீட்டாதீர்கள். பழுப்பு நிறம் மேலேறி, நுரை தனியாகப் பிரிந்து, கீழே கறுப்பாகத் தெளிந்த பிறகுதான் மீதியை ஊற்றுவார்கள். இதற்கு 119.5 நொடி என்று கம்பெனியே கணக்கு வைத்திருக்கிறது. யாராவது உங்களுக்கும் சேர்த்து வாங்கினால் அடுத்த ரவுண்டு உங்களுடையது. முடியாது என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து போவதை அங்கே யாரும் ரசிப்பதில்லை.

மது குடிக்காதவர்கள் தயங்கவே வேண்டாம். டீ கேட்டால் கெட்டிலோடு கொண்டுவந்து வைப்பார்கள், ஆல்கஹால் இல்லாத கின்னஸும் பல இடங்களில் உண்டு. சைவம் சாப்பிடுபவர்களுக்குக் காய்கறி சூப்பும் சோடா ரொட்டியும், இல்லாவிட்டால் சீஸ் வெங்காய டோஸ்டியும் கிடைக்கும், சூப் கோழிச் சாறில் செய்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பல பப்களில் சமையலறையை ஒன்பது மணி வாக்கில் மூடிவிடுவார்கள், முதலில் சாப்பாட்டைச் சொல்லுங்கள். குழந்தைகளோடு போனால் இரவு 9 மணி வரைதான் இருக்கலாம், மே முதல் செப்டம்பர் வரை 10 மணி. டப்ளினில் டெம்பிள் பார் பகுதியை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, விலையும் இரைச்சலும் குறைந்த ஸ்டாக்ஸ் ஹெட், லாங் ஹால், கீஹோஸ் பக்கம் போய்விடுங்கள். கீஹோஸில் வாசலை ஒட்டி ஒரு ஸ்னக் இருக்கிறது, நாலைந்து பேர் உட்காரும் மரத்தடுப்பு அறை. பெண்கள் பொதுவில் குடிப்பதை ஊர் பொறுக்காத காலத்தில் அவர்களுக்காக வைத்தது.

டப்ளினிலிருந்து கில்கென்னிக்கு ரயில். கோட்டையையும் செயின்ட் கேனிஸ் கோபுரத்தையும் பகலில் பார்த்துவிட்டுச் சாயங்காலம் கைட்லர்ஸ் இன் போகலாம், 1324-ல் சூனியக்காரி என்று குற்றம் சாட்டப்பட்ட ஆலிஸ் கைட்லரின் பெயரில் இருக்கும் பப் அது. ஆலிஸ் செல்வாக்குள்ளவர், தப்பிவிட்டார். எரிக்கப்பட்டவர் அவர் வீட்டு வேலைக்காரப் பெண் பெட்ரோனில்லா. பப்பில் பெயர் பலகையைப் பார்க்கும்போது அந்தப் பெண்ணையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கார்க்கில் 1788-லிருந்து நடக்கும் இங்கிலிஷ் மார்க்கெட்டில் காலைச் சாப்பாடு, அப்புறம் ஷாண்டன் தேவாலயக் கோபுரம். 132 படி ஏற வேண்டும், ஆனால் வழியிலேயே மணிக்கயிறுகள் இருக்கும், எண் போட்டு, எந்தக் கயிற்றுக்குப் பின் எது என்று அட்டையில் எழுதி வைத்திருப்பார்கள், நீங்கள் இழுக்கும் மணி ஊர் முழுக்கக் கேட்கும். இந்த ஊரில் கின்னஸ் கேட்பதை விட இங்கே பிறந்த மர்ஃபிஸ் அல்லது பீமிஷ் கேட்பது அழகு. மறுநாள் ரயிலில் அரை மணிக்குள் கோவ் துறைமுகம். டைட்டானிக் கடைசியாக ஆள் ஏற்றியது இங்கேதான், 1912 ஏப்ரல் 11. ஆனால் எனக்கு முக்கியமானது கரையில் இருக்கும் ஆன்னி மூர் சிலை, தம்பிகள் இருவரோடு நிற்கும் ஓர் இளம்பெண். 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறந்தபோது முதலில் பதிவானவள் அவள். 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்து, அதற்கும் மேற்பட்டோர் கப்பல் ஏறிய தேசம் இது, அந்தச் சிலைக்கு முன் பத்து நிமிடம் நின்றால் போதும், பப்பில் பாடும் பிரிவுப் பாட்டுகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரியும்.

கார்க்கிலிருந்து கால்வேக்கு நேர் ரயில் இல்லை, லிமெரிக் வழியாகப் பஸ்ஸில் போங்கள். கால்வேயில் மூன்று இரவு. பகலில் மோஹர் பாறைகள், 214 மீட்டர் உயரம், ஓரத்துக்குப் போகாதீர்கள், காற்று தள்ளும். இரவில் டிக் கோலி அல்லது கிரேன் பார். ஐரிஷ் செஷன் என்பது மேடைக் கச்சேரி அல்ல, பிடில், டின் விசில், போட்ரான் மேளம், முழங்கையால் துருத்தி அழுத்தும் பைப் என்று நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி, ஒருவரையொருவர் பார்த்தபடி, தங்களுக்காக வாசிப்பது. அந்த மூலையில் காலியாக நாற்காலி இருந்தாலும் உட்காராதீர்கள், வரப்போகிற வாத்தியக்காரருக்கானது. தெரிந்த பாட்டைக் கேட்டு நச்சரிக்க வேண்டாம், முகத்துக்கு நேரே போனை நீட்ட வேண்டாம். யாராவது துணை வாத்தியமில்லாமல் கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தால் மொத்தப் பப்பும் அடங்கிவிடும், கிளாஸைக்கூட மெதுவாக வையுங்கள்.

நாள் மிஞ்சினால் பெல்ஃபாஸ்ட், அங்கே பவுண்டு, யூரோ அல்ல. நம் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் பிறந்தது இந்தப் பக்கத்து ஆன்ட்ரிம் மாவட்டத்தில்தான். பெல்ஃபாஸ்டின் கிரவுன் பார் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் தேசிய அறக்கட்டளைக்குச் சொந்தமான பப், மரக்கதவு போட்ட ஸ்னக்குகளில் பானம் கேட்க மணிப் பொத்தான்கூட இருக்கிறது.

கடைசி இரவை டப்ளினில் கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்தின் சுவரை ஒட்டியிருக்கும் கவனாஸில் கழியுங்கள், 1833-லிருந்து இருக்கிறது, குழிவெட்டுபவர்கள் வந்து குடித்ததால் ஊரில் அதற்குப் பெயர் கிரேவ்டிகர்ஸ். டிவி கிடையாது, பாட்டும் கிடையாது, பேச்சுச் சத்தம் மட்டும்தான். அங்கே மட்டும் இரண்டாவது முறை போக நாள் இருக்காது, அதனால் சீக்கிரமே போய் உட்காருங்கள்.